முக்காலாவும் நம் ஊர்ப் பாட்டுதான்

ஸ்ரீரங்கத்தில் கவிஞர் வாலியைப் பற்றிப் பேச்சு வந்தால், டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டில் ஆரம்பிப்பார்கள். திருச்சி வானொலி நாட்கள், ஓவியர் மாலியை நினைத்து வைத்துக்கொண்ட பெயர், எம்.ஜி.ஆர். படப் பாட்டுகள் என்று வரிசையாக வரும். 'காதலன்' படத்து 'முக்காலா முக்காபுலா' மட்டும் வராது. யாராவது எடுத்தாலும், "அதெல்லாம் பிழைப்புக்கு எழுதினது சார்" என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1994-ல் படம் வந்தபோது வாலிக்கு 62 வயது. மெட்டுப் போட்ட ரஹ்மானுக்கு 27. கருவிகளின் துரித தாளத்துக்குள் சொல்லைப் பொருத்துவது லேசான காரியமல்ல. பக்திப் பாட்டில் வார்த்தை சற்றுத் தடுக்கினாலும் பொருள் தாங்கிக்கொள்ளும். இங்கே ஓசைதான் எல்லாம். வல்லினம் விழ வேண்டிய இடத்தில் விழாவிட்டால் ஆட்டக்காரரின் கால் நின்றுவிடும். 'முக்காபுலா' உருதுவில் போட்டியைக் குறிக்கும் சொல். முக்காலாவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவர்கள், தில்லானாவில் வரும் ஜதிக்கு அர்த்தம் கேட்பதில்லையே!

அந்தப் பாட்டில் பிக்காசோ வருகிறார். ஓவியம் கற்கச் சென்னைக்குப் போன ஸ்ரீரங்கத்துப் பையன் உள்ளே உயிரோடு இருந்திருக்கிறான். முந்தைய வருஷம்தான் வந்த 'ஜுராசிக் பார்க்' படமும் வருகிறது. அறுபது தாண்டியும் மனிதர் செய்தித்தாளை மூடிவைக்கவில்லை.

ஆனால் ஊரே பேசியது காட்சியைத்தான். கௌபாய் உடையில் ஆடும் பிரபுதேவாவின் தலை, கை, பாதம் எல்லாம் மறைந்து, தொப்பியும் சட்டையும் ஷூவும் மட்டும் ஆடும். பிரெஞ்சில் படித்த எனக்கு ஜார்ஜ் மெலியெஸ் ஞாபகம் வந்தார். 1898-லேயே தன் தலையைக் கழற்றி மேஜையில் வைத்துக்காட்டிய பாரிஸ் வித்தைக்காரர் அவர். நம் 'காதலன்' தந்திரக் காட்சிகளுக்காக எஸ்.டி. வெங்கிக்குத் தேசிய விருது கிடைத்தது. தகுதியான விருது.

என் ஆதங்கம் வேறு. திரையில் மறைந்தவர் பிரபுதேவா. நம் நினைவில் மறைந்தவர்கள் மற்றவர்கள். மனோவோடு அந்தப் பாட்டைப் பாடிய ஸ்வர்ணலதாவுக்கு அப்போது வயது 21. அதே ஆண்டு, அதே ரஹ்மான் இசையில், 'கருத்தம்மா' படத்தில் ஒரு சோகப் பாட்டைப் பாடித் தேசிய விருது வாங்கினார். அதை அழுகையாகவும் இதை ஆட்டமாகவும் ஆக்கியது ஒரே தொண்டை. 2010-ல், 37 வயதில் போய்விட்டார். 2020-ல் 'ஸ்ட்ரீட் டான்ஸர் 3டி' என்ற இந்திப் படத்தில் பிரபுதேவா இதே மெட்டுக்கு மறுபடி ஆடினார். மொழி வேறு, அதனால் வரியும் குரலும் வேறு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதையே அசல் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அசலை எழுதியவர் யார், பாடியவர் யார் என்று நாம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 18 வாலியின் நினைவு நாள். முருகன் பாட்டை முதலில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்ததாக முக்காலாவையும் போட்டு, எழுதியவர் பெயரையும் பாடியவர்கள் பெயரையும் மைக்கில் சத்தமாகச் சொல்லுங்கள். ரங்கநாதர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.