கொழுப்பு மருந்தும் எச்.ஐ.வி. வியாதியும்

ரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைப்பதற்கென்று ஏற்பட்ட மருந்து எச்.ஐ.வி. வியாதியையும் அடக்குமா? இருபது ஆண்டுகளுக்கு முன் வைத்திய உலகில் எழுந்த இவ்வழக்கின் வரலாறு, பொதுஜன சேவையில் ஈடுபட்டோர் யாவரும் அறிந்துகொள்ளத் தக்கது.

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த சத்தே ஸ்டாட்டின் மருந்துகளுக்கு மூலமாகும். எச்.ஐ.வி. கிருமி நமது உயிரணுவினுள் புகுவதற்கும், பெருகி வெளியேறுவதற்கும், அவ்வணுவின் சவ்விலுள்ள கொலஸ்டிரால் துணைபுரிகிறது. ஆகவே இம்மருந்து கிருமியைத் தடுக்கலாமென்று கருதியது அசம்பாவிதமன்று. 2004-ம் வருஷத்தில் ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர், ஆறு நோயாளிகளுக்கு ஒரு மாதம் லோவாஸ்டாட்டின் கொடுத்ததில் கிருமியின் அளவு குறைந்ததென்று பிரசுரித்தனர். ஏழைகளுக்கு மலிவான மருந்தொன்று கிட்டிவிட்டதென்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் ஆறு பேரின் சாட்சியத்தைக் கொண்டு எந்த நீதிபதியும் தீர்ப்புக் கூறமாட்டார். 2011-ல் அமெரிக்காவில் வெளியான பரிசோதனையில், அடோர்வாஸ்டாட்டினும் போலி மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. கிருமியின் அளவு குறையவில்லை. ஆயினும் உடலின் தற்காப்புச் சக்தி ஓயாது கொதித்துக்கொண்டிருக்கும் நிலை சற்றுத் தணிந்தது. இந்தச் சிறு குறிப்பே பெரியதொரு விசாரணைக்கு வலுவளித்தது.

எச்.ஐ.வி. மருந்தால் கிருமி அடங்கி வாழ்வோருக்கும், இருதய நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. அதைத் தடுக்க முடியுமாவென்று அறிய, 2015-ல் 'ரிப்ரீவ்' என்னும் பரிசோதனை தொடங்கிற்று. நம் இந்தியா உள்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேர் இதில் சேர்ந்தனர். பாதிப்பேருக்கு நாள்தோறும் பிடாவாஸ்டாட்டின். மறுபாதிக்குப் போலி மாத்திரை. 2023-ல் வெளியான முடிவு ஐயத்துக்கு இடமின்றியிருந்தது: மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் ஆபத்துக்கள் 35 சதவிகிதம் குறைந்தன. பயன் தெளிவாகத் தெரிந்தபடியால் பரிசோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டனர்.

நிழலை மறைப்பது நமது வழக்கமன்று. மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும், உண்ணாதவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் நீரிழிவு கண்டது. தசைவலியும் சிலருக்கு ஏற்பட்டது. லோவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் ஆகியவற்றை ரிடோனவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்துகளுடன் சேர்த்து உண்பது தசைகளுக்குப் பெருங்கேடு. ஆதலால் வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கி விழுங்குவது மடமை. ஸ்டாட்டினை நம்பி எச்.ஐ.வி. மருந்தைக் கைவிடுவதோ தற்கொலைக்கு ஒப்பாகும்.

கிருமியைக் கொல்லுமென்ற வழக்கு தோற்றது. இருதயத்தைக் காக்குமென்ற வழக்கு வென்றது. தோல்வியையும் மறைக்காமல் வெளியிட்டதனால்தான் இவ்வெற்றி கைகூடிற்று. அற்புத சிகிச்சையென்று விளம்பரம் செய்து நோயாளிகளின் பொருளைப் பறிப்போர், ஆறு பேருடன் நின்றுவிடுவார்கள். ஆயிரம் பேரைக் கொண்டு சோதிக்கத் துணியமாட்டார்கள்.

2004 முதல் நம் சர்க்கார் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாக அளித்துவருகிறது. பாராட்டுகிறோம். அதே நிலையங்களில், நாற்பது வயது கடந்தோரின் இருதயத்தைப் பரிசீலித்து, வேண்டியவர்களுக்கு ஸ்டாட்டினும் தவறாது கிடைக்கும்படி செய்தல் சர்க்காரின் கடமை. இப்பரிசோதனைக்குத் தம் உடலை ஈந்தவர்களில் நம் நாட்டாரும் உண்டு. ஈந்தவர் நாட்டுக்குப் பலன் எட்டாமற் போவது நீதியாகாது.