பழுத்த இலை பயனற்றதா?



தவக்காலம் நெருங்கும் மாசி மாதத்தையொட்டி, நம் காட்பாடிப் பக்கத்து வீட்டு முற்றங்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே கிளையில் ஓர் இலை பச்சை, ஓர் இலை மஞ்சள், மற்றோர் இலை செக்கச்சிவப்பு! அன்பர் ஒருவர் என்னிடம் வந்து, "மரத்துக்கு நோய் கண்டுவிட்டது, ஐயா, குப்பையும் பெருகிவிட்டது. வெட்டிவிடலாமா?" என்று கேட்டார்.

நோயன்று; அது மரத்தின் முன்னேற்பாடு. மேல்நாடுகளில் பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது, செப்டம்பர் முதல் நவம்பர் வரை, காடுகள் நிறம் மாறுகின்றன. நம் பகுதியிலோ வறட்சியே காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண்ணின் ஈரம் வற்றுகிறது. இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், கோடைக்கு முன் அவற்றைக் களைந்துவிடுவது மரத்துக்குப் பாதுகாப்பு. ஜவ்வாது மலைக் காடுகளிலும் பல மரங்கள் இவ்வாறே இலையுதிர்க்கின்றன.

ஆயினும் மரம் இலையை வெறுமனே எறிந்துவிடுவதில்லை. கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைத்த பச்சையம் முதலில் சிதைகிறது. அதுவரை அதன் பின்னே மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு நிறமியோ பெரும்பாலும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது. கடும் வெயிலினின்று இலையைக் காக்கும் குடை அது என்று அறிவியலார் பலர் கருதுகின்றனர். அந்தக் குடையின் நிழலில் முக்கியமான பணியொன்று நடைபெறுகிறது. இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகளில் ஏறத்தாழப் பாதி, காம்பு வழியே கிளைக்குத் திரும்பிச் சேர்கிறது. வரவிருக்கும் தளிருக்கு அதுவே சீதனம். அதன் பின்னரே காம்பின் அடியில் உள்ள மெல்லிய அடுக்குப் பிரிந்து, இலை உதிர்கிறது.

உலர்ந்த இலையின் பழுப்புக்கு முக்கியக் காரணம் துவர்ப்புப் பொருள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடப் பயன்பட்ட கடுக்காயில் இருப்பதும் துவர்ப்புப் பொருளே. கடுக்காய் மரமும் வாதுமையும் ஒரே இனத்தைச் சேர்ந்த உறவினர்!

இவற்றை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்த அன்பரின் வயது முதிர்ந்த தாயார் திண்ணையில் அமர்ந்து, பேரக் குழந்தைக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்பித்துக்கொண்டிருந்தார். குழந்தை தவறவிடும்போதெல்லாம் அந்தச் சிறு கையைப் பிடித்து மீண்டும் நெற்றியில் வைத்தார். அன்பர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பின் மரத்தை வெட்டுவது குறித்துப் பேசவில்லை.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பது நம் பழமொழி. சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று நாம் ஏந்திய ஓலைகளே எரிக்கப்பட்டு, திருநீற்றுப் புதனன்று சாம்பலாய் நம் நெற்றிக்கு வருகின்றன. சிரிப்பதற்கு நமக்குக் காலம் எங்கே? பெற்றோரிடமிருந்து பெறவேண்டிய செபங்களையும் அறிவையும் குடும்ப வரலாற்றையும் அவர்கள் இருக்கும்போதே பெற்றுக்கொள்வோம். முதியோரும் தம்மிடம் உள்ள நல்லதை ஒளித்துவைக்காமல் இளையோருக்கு வழங்குவார்களாக.

உதிர்ந்த சருகுகளையும் கொளுத்த வேண்டாம். குழியிலிட்டு மட்கவிட்டால், மீதியிருக்கும் சத்தும் மண்ணுக்குச் சேரும். இறைவன் படைப்பில் வீணென்று ஒன்றுமில்லை.