கழற்றி விடுவதும் பராமரிப்புதான்

ஜாங்கோ என்ற மென்பொருள் சட்டகம் பிறந்தது ஒரு நாளிதழில். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரப் பத்திரிகையின் இணையதளத்துக்காக எழுதப்பட்டு, 2005-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியானது. பத்திரிகைப் பிள்ளை என்பதாலோ என்னவோ, வாசகர் கருத்துப் பகுதியும் அதனுடனேயே வந்தது. 2013-ல் 1.6 பதிப்பு அதற்கு விடைகொடுக்கப்போவதாக எச்சரித்தது. 2015-ல் வந்த 1.8-ல் அது இல்லை. இப்படி ஏதாவது நீக்கப்படும்போதெல்லாம், கொடுத்ததைப் பிடுங்குகிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுகிறது. பராமரிக்க ஆளில்லாததை உள்ளேயே வைத்திருப்பதுதான் பயனரை ஏமாற்றுவது என்பது என் கட்சி.

அதே ஜாங்கோவில் லோக்கல்ஃப்ளேவர் என்றொரு கூறு இருந்தது. நாடுவாரியான முகவரிப் படிவங்கள் அதன் வேலை. இந்தியாவுக்கென்று மாநிலப் பட்டியலும் பின்கோடு சரிபார்ப்பும் அதில் உண்டு. 2011-ல் ஒரிசா ஒடிசா ஆனது, 2014-ல் தெலங்கானா உருவானது. பட்டியலில் ஒரு வரி சேர்க்க, சட்டகம் முழுவதன் அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பதா? எல்லா நாட்டு அஞ்சல் முறையையும் மையக் குழு அறிந்திருக்கவும் முடியாது. சட்டகத்துடன் சேர்ந்து வரும் எதற்கும் அதே தரமும் பாதுகாப்பும் இருக்கும் என்றே பயனர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முடியாத இடத்தில் பிரித்து வைப்பதே நேர்மை. 2013 தொடக்கத்தில் வந்த 1.5 பதிப்பு அதைத்தான் செய்தது, தெலங்கானா பிறப்பதற்கு முன்பே.

வெளியே அனுப்பினால் அநாதையாகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. சில கூறுகள் ஆகும்தான். ஆனால் அவை உள்ளே இருந்தபோதும் அநாதைதான். பெரிய வீட்டின் பெயர் அதை மறைத்திருந்தது, அவ்வளவே. தேவைப்படுவோர் இருந்தால் தனித் தொகுப்பு பிழைக்கிறது, லோக்கல்ஃப்ளேவர் பிழைத்தது. புதிதாகக் கற்பவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நிர்வாகப் பக்கம் இன்றும் ஜாங்கோவுடன் வருவது அதனால்தான்; அதற்காகவே ஜாங்கோவைத் தேடி வருவோர் பலர். ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் உடையுமே என்ற கவலைக்கு மட்டும் வாதம் போதாது, அவகாசம் வேண்டும். கருத்துப் பகுதியை நீக்கியபோது அது கிடைத்தது: இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை, கையோடு அதே நிரல் தனித் தொகுப்பாக. பயன்படுத்தியவர்கள் அமைப்புக் கோப்பில் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதி, நிரலில் அது வரும் மற்ற இடங்களையும் திருத்த வேண்டியிருந்தது. முன்னறிவிப்பின்றி நீக்கும் திட்டங்கள் மீது கோபப்படுங்கள், தவறில்லை.