வக்கீலுக்குக் காசில்லைன்னு நியாயத்தை விட்டுடாதீங்க

எங்க சேலம், நாமக்கல் பக்கம் கோர்ட்டுன்னாலே காட்டை விக்கணும்னு ஒரு பயம். அதனாலயே நியாயம் இருந்தும் வாய மூடிக்கிட்டு இருக்கறவங்க நிறையப் பேருங்க. இலவச வக்கீல்னு சொன்னா, "அது பொம்பளைங்களுக்குத்தானே"ங்கறாங்க. பாதிதான் உண்மை.

1987-ம் வருசத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-வது பிரிவைப் பாருங்க. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் வரிசையில மாற்றுத்திறனாளிகளும் இருக்காங்க. இவங்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தகப்பன்னு தனியா ஒரு வரி இல்லை. ஆனா தமிழ்நாட்டுல வருச வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருந்தா ஆம்பளையும் கேக்கலாம். லாரி டிரைவர், தறி ஓட்டறவர், குச்சிக்கிழங்கு போடற எங்களை மாதிரி ஆளுங்க பெரும்பாலும் இந்தக் கணக்குல வந்துருவோம்.

பிரிஞ்சு போன சம்சாரத்துகிட்ட வளர்ற குழந்தையை மாசம் ரெண்டு தடவையாவது பார்க்கணும்னு கேக்கற தகப்பனுக்கும், விபத்துல கால் போனவரு நஷ்டஈடு கேக்கறதுக்கும் இந்த உதவி உண்டு. வக்கீல் ஃபீஸை ஆணைக்குழுவே குடுத்துரும்.

மகன் பேர்ல காட்டை எழுதிக் குடுத்துட்டு, சோத்துக்கு நிக்கற வயசான தகப்பனுக்கு 2007-ம் வருசச் சட்டம் இருக்கு. கோட்டாட்சியர்கிட்ட மனுக் குடுத்தாப் போதும். "கடைசிவரைக்கும் என்னைப் பார்த்துக்கணும்"னு பத்திரத்துல ஒரு வரி எழுதி வெச்சிருந்து, மகன் பார்க்காமப் போனா, அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணச் சொல்லலாம். எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடியே அந்த வரியைப் போட்டுக்கங்க.

எனக்கு இருக்கற குறை வேற. பெண்களுக்குக் குடுக்கறது நியாயம், அதுல மாத்துக் கருத்தில்லை. ஆனா இந்த உதவி எல்லாம் கோர்ட் வளாகத்துக்குள்ளயே உக்காந்திருக்கு. மாவட்டக் கோர்ட்டுலயும், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் மாதிரி தாலுகா கோர்ட்டுலயும்தான் ஆபீஸ். ரெண்டு பஸ் மாறி, கட்டையை ஊனிக்கிட்டு, மாடிப்படி ஏறி எத்தனை பேரு போவாங்க? கிராம சபைல ஒரு வக்கீலைக் கூட்டியாந்து உக்கார வெச்சா என்ன? ரேஷன் கடைச் சுவத்துல 15100-ன்னு பெருசா எழுதி வெச்சா என்ன? அது காசில்லாம கூப்பிடற நம்பர்.

டவுன்ல இருக்கறவங்க, அடுத்த தடவை ஊருக்குப் போன் பண்றப்ப இந்த நம்பரையும் சொல்லி வெய்ங்க. மழை பேஞ்சுதான்னு கேக்கற மூச்சுலயே சொல்லிடலாம்.