செருப்பு எங்கே என்று யார் கேட்பது?

மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி வரும். தண்டவாளத்தில் ஆண் சடலம், வயது சுமார் 35, கட்டம் போட்ட சட்டை, லுங்கி, யார் எவர் என்று தெரியவில்லை, ரயில்வே போலீசார் விசாரிக்கிறார்கள். அதோடு சரி. கேட்டால் "அடிபட்டிருப்பான், இல்லன்னா விழுந்திருப்பான்" என்பார்கள். நாங்கள் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. அவர் அங்கே நடந்து வந்தாரா, கொண்டுவரப்பட்டாரா?

இதற்குப் பதில் தேட முதல் நாளே பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஜல்லியில் நடந்து வந்தவரின் செருப்பு காலில் இருக்கும், அல்லது பக்கத்தில் கிடக்கும். செருப்பும் இல்லை, உள்ளங்காலிலும் அழுக்கில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். உயிரோடு அடிபட்டால் ரத்தம் பெருகும். இறந்தபின் கொண்டுவந்து போட்ட உடலில் அவ்வளவு வராது. இறந்த சில மணி நேரத்தில் ரத்தம் உடலின் அடிப்பக்கம் இறங்கித் தோலில் கறையாகப் படிந்துவிடும். குப்புறக் கிடக்கிறவரின் முதுகில் அந்தக் கறை இருந்தால், யாரோ உடலைப் புரட்டியிருக்கிறார்கள். சட்டைக் காலரில் தையற்கடையின் பெயரும் ஊரும் இருக்கும். பையில் பஸ் டிக்கெட் இருந்தால் ஏறிய இடமும் நேரமும் அதிலேயே கிடைக்கும். கையில் குத்திய பச்சை, இரைப்பையில் இருக்கும் கடைசிச் சோறு எல்லாமே வழி சொல்லும். முன்பெல்லாம் வண்ணார் சேங்கொட்டைச் சாறால் துணியில் போட்ட குறியை வைத்தே போலீஸ் வீட்டைக் கண்டுபிடித்ததுண்டு. ஊர் ஒதுக்கி வைத்த தெருவின் அறிவு வழக்குக்கு மட்டும் தேவைப்பட்டது!

மனமிருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் உதாரணம் உண்டு. 1948 டிசம்பர் 1 அன்று அடிலெய்டு அருகே சோமர்டன் கடற்கரையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் இறந்து கிடந்தார். பையில் பயன்படுத்தாத ஒரு ரயில் டிக்கெட், ஒரு பஸ் டிக்கெட். ரயில் நிலையத்தில் யாரும் கேட்டு வராத பெட்டி ஒன்று கிடைத்தது. பெட்டியிலிருந்த அபூர்வமான நூலும் அவர் கால்சட்டைப் பையைத் தைத்திருந்த நூலும் ஒன்று என்று பார்த்து, பெட்டி அவருடையதுதான் என்றார்கள். விடாமல் தேடி, 2022இல் ஒரு பேராசிரியர் மரபணுவை வைத்து கார்ல் வெப் என்ற பெயரைச் சொன்னார். ஒரு நூலிழைக்கு இவ்வளவு மரியாதை. லுங்கி கட்டியவருக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வழக்கு.

நம் மண்ணில் அப்படி நடந்தது கோகுல்ராஜ் வழக்கில். ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி. 2015 ஜூன் 23 அன்று வகுப்புத் தோழியோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போனவர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான உடலாகக் கிடந்தார். பார்வைக்குத் தற்கொலை. தாய் சித்ரா மகனைத் தேடிப் போகாமல் இருந்திருந்தால் அதுவும் நாலு வரிச் செய்திதான். அவர் போராடியதால் பயணப் பாதை பின்னோக்கிப் படிக்கப்பட்டது. கோகுல்ராஜ் கோயிலுக்கு வந்ததையும், யுவராஜும் கூட்டாளிகளும் அதே நேரம் அங்கே இருந்ததையும் கோயில் கேமராக்கள் காட்டின. முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றது அதனால்தான். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் சம்பவ இடங்களுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனை உறுதியானது.

தேடி வர ஆளில்லாதவருக்கு என்ன கதி? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகள்படி டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். ஆனால் பெயரில்லாத உடலுக்குக் காகிதத்தில் சாதியும் இல்லை. ஆகவே அந்தச் சட்டம் தொடங்கவே தொடங்காது. கொலைகாரனுக்கு இது தெரியும். முகம் சிதைந்து, பையில் காகிதம் ஏதுமின்றித் தண்டவாளத்தில் கிடக்கும் உடல் அவனுக்கு இரண்டு வகையில் லாபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தேக மரணத்தில் அக்கம்பக்கத்து "மதிப்பிற்குரிய" இரண்டு பேராவது முன்னிலையில் பிரேத விசாரணை நடத்தச் சொல்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194. எண் மாறியது, அந்தச் சொல் மாறவில்லை. யார் மதிப்பிற்குரியவர் என்பதை ஊர் எப்படி முடிவு செய்யும் என்று நமக்குத் தெரியாதா? உடலை முதலில் தொட்டுத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். செருப்பு எங்கே கிடந்தது, சட்டை ஈரமாக இருந்ததா, ஜல்லியில் இழுத்த தடம் இருந்ததா என்று பார்த்தவர்கள் அவர்கள். பஞ்சாயத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்று கையெழுத்துப் போடுவார்கள். தூக்கியவருக்குக் கூலி கிடைக்கலாம், வாக்குமூலம் கேட்பாரில்லை.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. உடலைத் தூக்கும் முன் கிடந்தபடியே எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுங்கள். தூக்கியவரின் பெயரும் அவர் கண்டதும் அறிக்கையில் வரட்டும். பக்கத்து மாவட்டங்களின் காணாமல்போனோர் புகார்களோடு அன்றே ஒப்பிடுங்கள். உடுப்பை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூஞ்சை பிடிக்க விடாமல், நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள். தேடிக்கொண்டு ஒரு தாய் ஆறு மாதம் கழித்தும் வரலாம். காலரில் இருக்கும் ஊர்ப் பெயர் அப்போதும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.