நூற்றுக்கு இரண்டு

வாடிப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் ஒரு வாரமாக என் மேஜை மேல் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் நாலு பக்கம். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் விஷயத்தை வெளியிடாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வாடிப்பட்டி என்றதும் உங்களில் பலருக்கு மேளம்தான் ஞாபகம் வரும். மதுரைப் பக்கத்தில் கல்யாணமாகட்டும், காதுகுத்தாகட்டும், "வாடிப்பட்டி மேளம் சொல்லியிருக்கிறோம்" என்று பத்திரிகை நீட்டும்போதே ஒரு பெருமையோடு சொல்லுவார்கள். சகோதரியின் கணவர் அப்படி ஒரு செட்டில் வாசிக்கிறவர்.

நாலு வழிச் சாலை ஓரமாக ஒரு பெரிய மண்டபம். கல்யாணம், கண்காட்சி, பாட்டுக் கச்சேரி எல்லாம் அங்கே நடக்குமாம். சென்ற ஆவணியில் ஐந்து ஏழை ஜோடிகளுக்கு அங்கே இலவசத் திருமணம் செய்து வைத்தார்கள். தாலி, புடவை, வேட்டி, வடை பாயசத்தோடு சாப்பாடு, எதிலும் குறை வைக்கவில்லை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர்: "எங்கள் சமூகப் பொறுப்பு." ஒன்பது பேர் கொண்ட மேள செட் விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்துப் பந்தி முடியும் வரை வாசித்தது. கடைசியில் கூலி கேட்டபோது மானேஜர் சிரித்த முகத்தோடு சொன்னாராம்: "இது தர்ம காரியம். உங்கள் பங்காக இருந்துவிட்டுப் போகட்டுமே!" ஆளுக்கு ஒரு துண்டு போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

"அன்றைக்கு தர்மம் செய்தது அவர்களா, நாங்களா?" என்று கேட்கிறார் சகோதரி. "பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? எங்கள் வீட்டுக்காரர் கூலியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டதா?"

சட்டம் இருப்பது உண்மைதான். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆவது பிரிவு. 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது வருஷ விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு வீதம் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் ஆறு கோடி என்றால் பன்னிரண்டு லட்சம். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்றும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. செலவழிக்காமல் தட்டிக் கழித்தால் அபராதம் உண்டு.

ஆகவே சகோதரியின் மண்டபத்துக்கு இந்தச் சட்டம் அநேகமாகப் பொருந்தாது. தனி மனிதரோ குடும்பமோ நடத்துகிற மண்டபம் கம்பெனியே அல்ல. ஐந்து கோடி லாபம் பார்க்கிற மண்டபங்களும் நம் பக்கத்தில் அதிகம் இருக்கமாட்டா. அந்த பேனர், சட்டத்திலிருந்து பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டது.

சரி, பெரிய கம்பெனியாகவே இருந்தாலும் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எது தர்மக் கணக்கில் சேராது என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. தன் வழக்கமான வியாபாரத்தில் செய்வது சேராது. தன் சிப்பந்திகளுக்கு மட்டும் பயன்படுவது சேராது. தன் சரக்குக்கு விளம்பரம் தேடிச் செய்யும் உபயம் சேராது. வேறு சட்டப்படி எப்படியும் செய்தே தீரவேண்டிய கடமையும் சேராது. இவ்வளவுக்கும் மேல் சர்க்கார் ஒரு விளக்கம் தந்திருக்கிறது: பொருளாகவோ வசதியாகவோ கொடுத்துவிட்டு அதற்கு ஒரு விலை போட்டுக் கணக்கெழுதக் கூடாது, பணமாகச் செலவழித்திருக்க வேண்டும். மண்டபத்தை ஒரு நாள் சும்மா விட்டுவிட்டு "வாடகை இத்தனை லட்சம் தர்மம்" என்று எழுத முடியாது. கேளிக்கைப் பூங்காவில் அநாதைக் குழந்தைகளை இலவசமாக விளையாட விட்டு டிக்கெட் விலையைத் தர்மமாக எழுதவும் முடியாது. விளையாட விடுவது நல்ல காரியம்தான்; அதை யாரும் தடுக்கவில்லை. கணக்கில் வராது, அவ்வளவே.

கடமை என்றேனே, அதற்கு ஓர் உதாரணம். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் தீப்பிடித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மணமகன் உள்பட ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2024 மே 25-ஆம் தேதி ராஜ்கோட்டில், கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துப் போன ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்தது. தீயணைப்புத் துறையின் அனுமதிச் சான்று இல்லாமலே அதை நடத்தி வந்தார்கள். நாலு பேர் கூடுகிற இடத்தில் அகலமான வாசலும், தண்ணீரும், தீயணைக்கும் சாதனமும் வைப்பதற்கு யாரும் மாலை போடவேண்டியதில்லை. வேலை செய்தவர் கூலியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

பூங்கா நடத்துகிறவர்களில் மெய்யாகவே கொடுத்தவர் ஒருவரைச் சொல்லுகிறேன். 2000-ஆம் வருஷம் கொச்சிக்குப் பக்கத்தில் வீகாலாண்ட் என்ற பூங்காவை ஆரம்பித்தவர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. பிறகு வொண்டர்லா என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், 2025 டிசம்பரில் நம் திருப்போரூர்ப் பக்கமும் ஒரு பூங்கா திறந்திருக்கிறது. அவர் 2011-இல், முன்பின் உறவில்லாத ஒரு லாரி டிரைவருக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 135-ஆவது பிரிவு பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்! அதுவும் தம் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர் உடம்பிலிருந்து அல்ல.

மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிகளுக்கும் கச்சேரி செய்து நிதி திரட்டிக் கொடுத்தாரே, அதற்காக 1974-இல் மக்சேசே விருதும் வந்ததே, அந்தக் கச்சேரிகளைப் பாட ஒப்புக்கொண்டவர் அவரேதான். "உன் பங்கு இருக்கட்டும்" என்று கச்சேரி முடிந்தபிறகு யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சகோதரிக்கு ஒரு சங்கதி. சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், எந்தெந்தக் காரியத்துக்குச் செலவிடலாம் என்ற வரிசையில், பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் தொழில் நடத்தும் பெரிய கம்பெனி எதுவும் வாடிப்பட்டிப் பிள்ளைகளுக்கு மேளம் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி வைத்தால், அது முறையான செலவு. தங்கள் திட்டங்களைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். அந்தக் கம்பெனிக்கு இணையதளம் இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளை கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவான். பார்த்துவிட்டு, செட்டுக்காரர்கள் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உங்கள் கணவர் பதிந்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

கூலி விஷயத்துக்குத் தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு; தாழ்த்தப்பட்டோருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் உண்டு. இனிமேல் அச்சாரம் வாங்காமல் மேளத்தை வண்டியில் ஏற்றவேண்டாம். தேதியும் தொகையும் ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி, மண்டபத்துக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க உங்கள் கணவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், உங்களுக்கு அந்தக் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. நீங்களே போய்க் கேளுங்கள்.

ஒன்பது பேருக்கும் பணம் வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மண்டபத்தின் பெயர் வேண்டாம். வந்த தேதியை மட்டும் எழுதினால் போதும்.