ஓட்டுப் போட்டவர் தெரியலாம்; ஓட்டு தெரியக் கூடாது

இணையவழி வாக்கெடுப்பு இரண்டு வகைப்படும். ஒரு வகையில் எந்த விடைக்கு எத்தனை வாக்கு என்ற எண்ணிக்கை மட்டும் தெரியும். மறுவகையில் ஒவ்வொரு விடையின் கீழும் அதைத் தேர்ந்தெடுத்தவர்களின் பெயர்களும் தெரியும். ட்விட்டர் 2015 அக்டோபரில் இந்த வசதியைக் கொண்டுவந்தபோது பெயரை மறைத்தது. டெலிகிராம் 2018 டிசம்பரில் பெயர் மறைத்த வாக்கெடுப்புடன் தொடங்கியது. 2020 ஜனவரியில் பெயர் காட்டும் வகையையும் சேர்த்து, எது வேண்டும் என்பதை நடத்துபவரிடமே விட்டது. வாட்ஸ்அப் 2022 நவம்பரில் குழுக்களுக்கு வாக்கெடுப்பைத் தந்தபோது, யார் எதைத் தேர்ந்தார் என்பதை உறுப்பினர் எவரும் பார்க்கலாம் என்று அமைத்தது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் முதல் பள்ளிப் பெற்றோர் குழு வரை, தமிழ்நாட்டில் பல கூட்டு முடிவுகள் இன்று இத்தகைய குழுக்களில்தான் எடுக்கப்படுகின்றன. செயலியை வடிவமைத்தவர்கள் செய்த ஏற்பாடு, இங்கே எழுதப்படாத தேர்தல் விதியாகிவிட்டது. கருத்துக் கேட்கும் வாக்கெடுப்புக்கு அந்த விதி பொருந்தாது.

எல்லாக் கேள்விகளும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. சுற்றுலாவுக்கு யார் யார் வருகிறார்கள், சைவச் சாப்பாடு எத்தனை பேருக்கு, ரத்த தானத்துக்கு யார் தயார் என்பவை வாக்கெடுப்பின் வடிவில் வரும் பெயர்ப் பட்டியல்கள். வேன் பேசுபவருக்கும் சமையலுக்குச் சொல்பவருக்கும் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தலாமா, காவல் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா, செயலாளர் இன்னோர் ஆண்டு தொடரலாமா என்பவை வேறு. இங்கே கேள்வி கேட்பவரே பல நேரங்களில் அதன் விடையால் பாதிக்கப்படுபவராகவும் இருக்கிறார். செயலாளர் தொடர வேண்டாம் என்று தொட்டவர், மறுநாள் வண்டி நிறுத்தும் இடத்துக்காக அதே செயலாளரிடம் போய் நிற்க வேண்டும். ஆசிரியரின் யோசனையை எதிர்த்த பெற்றோரின் பிள்ளை அதே ஆசிரியரின் வகுப்பில்தான் நாளையும் உட்கார வேண்டும். மேலாளரின் யோசனையை எதிர்த்த ஊழியரின் விடுப்பு விண்ணப்பம் அதே மேலாளரின் மேசைக்குத்தான் போக வேண்டும்.

இந்த நெருக்கடி புதியதல்ல. பிரிட்டனில் 1872 வரை நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் தம் தேர்வை ஊரறிய வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்ற விவரம் புத்தகமாக அச்சிடப்பட்டு விற்கப்பட்டது. நிலக்கிழாரை எதிர்த்த குத்தகைக்காரர் நிலத்தை இழக்கவும், முதலாளியை எதிர்த்த தொழிலாளி வேலையை இழக்கவும் நேர்ந்தது. பணம் கொடுத்தவருக்கோ, கொடுத்த பணத்துக்கு வாக்கு விழுந்ததா என்று சரிபார்க்க அந்தப் புத்தகமே சாட்சியாயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா குடியேற்றங்கள் 1856இல் ரகசிய வாக்குச்சீட்டைச் சட்டமாக்கின; பிரிட்டன் 1872இல் அதைப் பின்பற்றியது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 94ஆவது பிரிவில் கூறுகிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் என்று ஒருவரைப் பதிவேட்டில் குறிப்பதுகூட ரகசியத்தை உடைப்பதாகும் என்று கருதி, ‘நோட்டா’ பொத்தானை வைக்க உத்தரவிட்டது.

அச்சம் இல்லாத இடத்திலும் வெளிப்படையான வாக்கு பழுதுபடுகிறது. 1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகள் இதற்குச் சான்று. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்டார். குழந்தையும் சொல்லிவிடக்கூடிய விடைதான். ஆனால் முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு ஒத்துப்போனது. விடையை வாயால் சொல்லாமல் தனியே எழுதித் தரச் சொன்னபோது இந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. கோட்டின் நீளத்துக்கே இந்த நிலை என்றால், கட்டண உயர்வுக்கும் செயலாளர் பதவிக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் ஐந்து பெயர்கள் ‘ஆம்’ என்ற விடையின் கீழ் வரிசைகட்டிய பிறகு ஆறாமவர் போடும் ‘ஆம்’ எவ்வளவு தூரம் அவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. குழுவின் கருத்தை அறியவே நடத்தப்படும் வாக்கெடுப்பு, கடைசியில் முதலில் தொட்டவர்களின் கருத்தையே பெருக்கிக் காட்டுகிறது.

வெளிப்படை வாக்குக்காக வாதிட்டவர்களில் தலையாயவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். வாக்கு தனிமனிதரின் சொத்தன்று, பிறருக்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆகவே அது ஊரார் பார்வையில் செலுத்தப்பட வேண்டும் என்று அவர் 1861இல் எழுதினார். வாக்குரிமை சிலரிடம் மட்டுமே இருந்த, பெண்களுக்கும் ஏழைகளுக்கும் மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. இன்றும் அது ஓரிடத்தில் முழுமையாகப் பொருந்தும்: பிறர் சார்பாக வாக்களிக்கும் பிரதிநிதியிடம். மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் தம் வாக்கைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும் என்று 2003இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றது. 2017 பிப்ரவரி 18இல் தமிழகச் சட்டப்பேரவையில் எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியபோது, ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்த்தரப்பினர் வலியுறுத்தினர். பேரவைத் தலைவர் தனபால் மறுத்தார். 122 பேர் ஆதரவாகவும் 11 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அன்றைய அவை நடப்புகள் குறித்துக் கண்டனங்கள் எத்தனை இருந்தாலும், உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதை அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி அறிய வேண்டும் என்ற கொள்கை சரியே. அதே அளவுகோலின்படி, குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழு எடுக்கும் முடிவில் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் வெளியில் தெரிய வேண்டும். குடியிருப்போரின் வாக்கு அவரவருக்கே உரியது.

பெயரை மறைத்தால் கள்ள ஓட்டு பெருகும் என்பது அடுத்த வாதம். அதற்குச் சான்றும் உண்டு. 2009இல் ‘டைம்’ இதழ் செல்வாக்கு மிக்கவர்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய இணைய வாக்கெடுப்பை ‘ஃபோர்சான்’ என்ற இணைய மன்றத் தளத்தினர் நிரல்கள் எழுதிக் கைப்பற்றினர். தம் தளத்தை நிறுவியவரை முதலிடத்தில் வைத்ததோடு, முன்னணிப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் தாங்கள் விரும்பிய சொற்றொடர் வரும்படி வரிசையையே அடுக்கினர். ஆனால் அங்கே குறை, வாக்கு மறைந்திருந்ததில் இல்லை. வாக்காளர் யார் என்று சரிபார்க்கப்படாததில் இருந்தது. இந்த இரண்டையும் இந்தியத் தேர்தல் முறை நெடுங்காலமாகப் பிரித்தே வைத்திருக்கிறது. வாக்குச்சாவடியில் வாக்காளரின் பெயர் முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படிக்கப்படுகிறது. பதிவேட்டில் கையெழுத்து, விரலில் மை. அதன் பின் மறைப்புக்குள் அவர் அழுத்தும் பொத்தான் எவருக்கும் தெரியாது. தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்களுக்குப் பழக்கமான தபால் வாக்கிலும், வாக்குச்சீட்டு உள்ளுறையிலும் உறுதிமொழிப் படிவம் அதற்கு வெளியிலும் இருக்கும். எஸ்தோனியா 2005 முதல் நடத்திவரும் இணையத் தேர்தலும் இதே இரட்டை உறையை மின்னணு வடிவில் கையாள்கிறது: பெயரைச் சரிபார்த்து நீக்கிய பிறகே வாக்கு திறக்கப்படும். அங்கே மிரட்டலுக்கு அஞ்சி ஒருவிதமாக வாக்களித்தவர் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். கடைசி இணைய வாக்கே கணக்கில் சேரும்.

பெயர் தெரியாவிட்டால் பொறுப்பு போய்விடும் என்பது மூன்றாவது வாதம். முகம் மறைத்து எழுதுபவர் அவதூறும் வசையும் பரப்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை இயல்பானது. ஆனால் வாக்கில் சொற்கள் இல்லை. முன்கூட்டியே வைக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தொடுவதால் எவரையும் இழிவுபடுத்த முடியாது. தம் நிலையை வெளிப்படையாகச் சொல்ல விரும்புபவர் குழுவிலேயே எழுதிச் சொல்லலாம். அதற்கு வாக்குச்சீட்டில் பெயர் தேவையில்லை. தாமே சொல்வது உரிமை. சொல்லியே ஆக வேண்டும் என்பது நிர்ப்பந்தம்.

பெயரை மறைப்பதால் மட்டும் ரகசியம் வந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் குழுவில் பத்து வாக்கும் ஒரே பக்கம் விழுந்தால் எல்லோர் வாக்கும் வெளிச்சம்தான். எண்ணிக்கை உடனுக்குடன் தெரிந்தால், ஒருவர் கைப்பேசியை எடுத்த நேரத்தில் எந்த எண் கூடியது என்று பார்த்தே கண்டுபிடிக்கலாம். பொதுத் தேர்தலிலும் இதே ஓட்டை இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண முடிந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு எந்தச் சாவடி எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு அளித்தது என்பது தனித்தனியே தெரிகிறது. எதிர்த்து வாக்களித்த தெரு பழிவாங்கப்படலாம் என்பதால், பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் அதைப் பரிந்துரைத்தது.

இவற்றிலிருந்து கிடைக்கும் விதிகள் எளியவை. வருகைக் கணக்குக்கும் பிரதிநிதிகளின் முடிவுக்கும் பெயர் தெரியட்டும். மற்ற எல்லாக் கருத்து வாக்கெடுப்புகளிலும் பெயர் மறைந்திருப்பதே இயல்பு நிலையாகட்டும். பெயர் தெரியுமா, தெரியாதா என்பது கேள்விக்கு மேலேயே எழுதப்பட வேண்டும். முதல் வாக்கு விழுந்த பிறகு அதை மாற்றக் கூடாது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதைச் செயலி உறுதிசெய்ய வேண்டும். முடிவு நேரம் வரை எண்ணிக்கை மூடியே இருக்க வேண்டும். பெயர் காட்டும் செயலியை மட்டுமே வைத்திருக்கும் சங்கங்கள், பதவியையோ பணத்தையோ தொடும் கேள்விகளை அதில் வைக்காமல், பொதுக்குழுவில் சீட்டு எழுதிப் பெட்டியில் போடச் சொல்லலாம். இருபது வீடுகள் உள்ள குடியிருப்பில் அதற்குக் கால் மணி நேரம் போதும்.